பாம்புக்கு இழுப்பறை அலமாரி: வீட்டிலேயே செய்யலாமா? செய்தால் எப்படி?

சுவரோரம் ஓர் அலமாரி. இழுப்பறையை இழுத்தால் உள்ளே துணிமணி இல்லை. சுருண்டு படுத்திருக்கிறது ஒரு பாம்பு. அடுத்த இழுப்பறையிலும் பாம்பு. அதற்கடுத்ததிலும்.

காணொளிகளில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். பாம்பு வளர்ப்பவர்கள் இதை 'ரேக்' என்று சொல்கிறார்கள். கண்ணாடித் தொட்டியைவிட இடம் குறைவு, செலவு குறைவு, சுத்தம் செய்வது சுலபம். கடையில் வாங்கினால் விலை அதிகம் என்பதால், நாமே செய்தால் என்ன என்று பலருக்கும் தோன்றுகிறது. பலகை, ஸ்குரூ, நான்கு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. தச்சு வேலை இதில் சுலபமான பாதி. வெப்பம், காற்று, மின்சாரம் ஆகிய மூன்றும்தான் சிக்கலான மறுபாதி. அதிலும் வெளிநாட்டுக் காணொளிகள் குளிர் நாட்டுக்காகச் செய்யப்பட்டவை. அதை அப்படியே கிள்ளானிலோ ஈப்போவிலோ செய்தால், பாம்பு குளிரால் அல்ல, சூட்டால் அவதிப்படும்.

முதலில் உரிமம், பிறகு பலகை

மலேசியாவில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று பால் பைத்தன். பெயரில் இருக்கும் 'பால்' பசும்பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும் என்பதால் அந்தப் பெயர். (புற்றுக்குப் பால் ஊற்றிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு தகவல்: எந்தப் பாம்புக்கும் பால் உணவு கிடையாது. கிண்ணத்தில் தண்ணீர் போதும்.)

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த இனம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இதை வளர்க்க பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் வேண்டும். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. 2022இல் திருத்தம் செய்யப்பட்ட பிறகு தண்டனைகள் முன்பைவிடக் கடுமை. விற்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மாநில பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பாம்பை வாங்குங்கள். வாங்கிவிட்டு விசாரிப்பது வேலைக்கு ஆகாது.

வீட்டுப் பின்னால் வாய்க்காலில் கிடைத்த 'சாவா' குட்டியை இழுப்பறையில் போட்டு வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம். அது உள்ளூர் மலைப்பாம்பு, சட்டப் பாதுகாப்பில் உள்ளது. வளர்ந்தால் 6 மீட்டரைத் தாண்டக்கூடிய இனம், எந்த இழுப்பறையிலும் அடங்காது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு: சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியே இல்லை. ஜோகூரில் வாங்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

இழுப்பறையில் அடைப்பது சரிதானா?

இந்தக் கேள்வி வளர்ப்பவர்களை இரண்டு முகாமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ரேக் ஆதரவாளர்கள் சொல்வது: காட்டில் பால் பைத்தன் எலிப் பொந்திலும் கறையான் புற்றிலும் பதுங்கி வாழ்கிறது. இருட்டு, நெருக்கம், தொந்தரவு இல்லாத இடம், இதுதான் அதற்குப் பிடிக்கும். கண்ணாடித் தொட்டியில் சாப்பிட மறுத்த பாம்பு இழுப்பறைக்கு மாறியதும் சாப்பிடத் தொடங்கியது என்று அனுபவத்தையும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் பொந்தில் பதுங்கும் பாம்பு இரவில் வெளியே வருகிறது, ஊர்கிறது, ஏறுகிறது. ஜெர்மனி ஆய்வாளர்கள் ரேக்கிலும் விசாலமான கூண்டிலும் பால் பைத்தன்களை வைத்து அவற்றின் நடத்தையை ஒப்பிட்டு 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூண்டில் ஏறுவது, சூடு காய்வது போன்ற இயல்பான செயல்களைச் செய்த பாம்புகளுக்கு ரேக்கில் அதற்கு வாய்ப்பே இல்லை. இயல்புக்கு மாறான நடத்தையும் ரேக்கில்தான் அதிகம் காணப்பட்டது. ரேக் இந்த இனத்துக்கு ஏற்ற வசிப்பிடம் இல்லை என்பது அவர்கள் முடிவு. பாம்பு உடலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று விலங்குநல ஆய்வாளர்களும் வலியுறுத்தி வருகிறார்கள்.

யோசிச்சுப் பாருங்க. நன்கு வளர்ந்த பெண் பால் பைத்தன் 120 முதல் 150 சென்டிமீட்டர் வரை வரும். வீட்டில் 20, 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒன்று 2020இல் முட்டையிட்டது. அத்தனை ஆண்டும் ஒரு துணிப்பெட்டி அளவு இடத்தில் என்றால், நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

அதனால் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் ரேக் மூன்று தேவைகளுக்கு மட்டும்: குட்டிகள் வளரும் முதல் மாதங்கள், புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தி வைப்பது, நோயுற்ற பாம்பைக் கண்காணிப்பது. பாம்பின் நீளம் பெட்டியின் நீளத்தைத் தாண்டும்போது அதற்குப் பெரிய கூண்டு தயாராக இருக்க வேண்டும். அதற்கு வீட்டில் இடமில்லை என்றால், ரேக் செய்வதைவிடப் பாம்பு வாங்காமல் இருப்பது நல்லது.

பெட்டியை முதலில் வாங்குங்கள்

பலரும் பலகையை அறுத்துவிட்டுப் பிறகு அதற்குள் நுழையும் பெட்டியைத் தேடி அலைகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். பெட்டிகளை முதலில் வாங்குங்கள், ஒரே மாதிரியில் ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்குங்கள். அடுத்த வருடம் உடைந்தால் அதே அளவு கடையில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

பெட்டியின் சுவர் அழுத்தினால் வளையாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். கீழே சக்கரமோ ஆழமான வரிகளோ இருந்தால் வெப்பம் சரியாக ஏறாது. பெரும்பாலான பெட்டிகள் மேலே அகன்று கீழே குறுகியிருக்கும், எனவே வெளி அளவை விளிம்பில் எடுங்கள், அடியில் அல்ல.

இந்த வகை ரேக்கில் பெட்டிக்கு மூடி கிடையாது. மேல் தட்டுதான் மூடி. ஆகவே பெட்டியின் விளிம்புக்கும் மேல் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் முழு விஷயத்தின் உயிர்நாடி. 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 'பென்சில் நுழையாதே' என்று நினைக்காதீர்கள். தலை நுழையும் இடத்தில் குட்டிப் பாம்பின் உடலும் நுழைந்துவிடும், பாதியில் மாட்டிக்கொண்டால் காயம்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் பெட்டி விளிம்பில் 400 மில்லிமீட்டர் அகலம், 600 நீளம், 150 உயரம். பலகை 18 மில்லிமீட்டர் தடிமன். நான்கு பெட்டிகள்.

உள் அகலம்: 400 உடன் இருபுறமும் 3 வீதம் சேர்த்தால் 406. ஒவ்வோர் அடுக்கின் உயரம்: 150 உடன் 3, ஆக 153. நான்கு அடுக்குக்கு 612. கிடைமட்டத் தட்டுகள் நான்கல்ல, ஐந்து (கடைசித் தட்டு கடைசிப் பெட்டிக்கு மூடி). ஐந்து தட்டின் தடிமன் 90. ஆக மொத்த உயரம் 702 மில்லிமீட்டர்.

வெட்ட வேண்டியவை: 406க்கு 600 அளவில் ஐந்து தட்டு, 702க்கு 600 அளவில் இரண்டு பக்கப் பலகை. எட்டுக்கு நான்கு அடி பலகை ஒன்றே போதும். அதை நீளவாக்கில் 600 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டையாக அறுத்தால், ஒன்றில் ஐந்து தட்டும் வந்துவிடும், மற்றதில் இரண்டு பக்கமும் போக ஒரு மீட்டர் மிஞ்சும். பலகைக் கடையிலேயே இயந்திரத்தில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் இடைவெளியைக் கைவாளால் காப்பாற்ற முடியாது.

எந்தப் பலகை? மெலமைன் ஒட்டிய பலகை துடைக்க வசதி, ஆனால் அறுத்த ஓரங்கள் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஓரங்களுக்கு எட்ஜிங் டேப் ஒட்டுங்கள். பிளைவுட் என்றால் நீர் அடிப்படையிலான வார்னிஷ் பூசி, மூக்கை வைத்து மோந்தாலும் வாடை வராத அளவுக்குக் காயவிடுங்கள். நமக்கே வாடை அடிக்கிறது என்றால் உள்ளே பூட்டியிருக்கும் பாம்புக்கு எப்படி இருக்கும்?

பூட்டும்போது ஸ்குரூவுக்கு முதலில் சிறிய துளை போடுங்கள். நேராக முறுக்கினால் பலகையின் ஓரம் பிளக்கும். அடித்தட்டை இரு பக்கங்களோடும் பூட்டியதும், அடுத்த தட்டை வைக்க டேப் அளவை நம்பாமல் பெட்டியையே உள்ளே வைத்து, அதன் விளிம்பின்மேல் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அட்டை வைத்து, அதன்மேல் தட்டை அமர்த்திப் பூட்டுங்கள். கடைசியில் முன்பக்கத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் சட்டம் நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் இழுப்பறை ஒரு பக்கம் சிக்கும், மறுபக்கம் இடைவெளி விடும்.

பின்பக்கத்தை முழுப் பலகையால் மூடாதீர்கள். ஓர் அடுக்குக்கு ஒரு குறுக்குச் சட்டம் போதும். பெட்டி பின்னால் போய் விழாது, காற்றும் போகும், வயரும் போகும்.

நம்ம ஊரில் சூடு யார் பக்கம்?

பால் பைத்தனுக்கு ஒரு பெட்டிக்குள்ளேயே இரண்டு தட்பவெப்பம் தேவை. சூடான மூலையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த மூலையில் 25 முதல் 28. பாம்பால் உடல்சூட்டைத் தானே உண்டாக்க முடியாது, ஆகவே இங்கும் அங்கும் நகர்ந்துதான் சரிசெய்துகொள்ளும். நகர ஓர் இடம் இல்லாவிட்டால் அதற்கு வேறு வழியில்லை.

இப்போது உங்கள் அறையைப் பாருங்கள். மதியம் 3 மணிக்கு மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் 31, 32 டிகிரி சாதாரணம். மேல்மாடி, மேற்குப் பார்த்த சுவர், மேலே தகரக் கூரை என்றால் இன்னும் ஏறும். அந்த நேரத்தில் வெப்பநாடா அணைந்தே இருந்தாலும் 'குளிர்ந்த மூலை' என்று ஒன்று மிச்சமில்லை. ரேக்கை எங்கே வைக்கிறீர்கள் என்பது எதைக்கொண்டு சூடேற்றுகிறீர்கள் என்பதைவிட இங்கே முக்கியம். வீட்டின் உள்சுவரோரம், வெயில் படாத இடம், அலமாரியின் உச்சியில் அல்லாமல் தரைக்கு அருகில். வெறும் பெட்டியில் தெர்மாமீட்டர் வைத்து ஒரு வாரம் காலை, மதியம், இரவு குறித்துப் பாருங்கள். மதியத்தில் 34ஐத் தொடுகிறது என்றால் அந்த அறை சரிப்படாது.

ஏர்கோன் அறை என்றால் கதை வேறு. இரவு முழுக்க 22 டிகிரியில் ஓடும் அறையில் வெப்பநாடா கட்டாயம்.

வெப்பநாடா என்பது உள்ளே மின்சாரம் ஓடிச் சூடாகும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. ஒவ்வொரு தட்டின் பின்புறத்திலும், பெட்டியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் பெட்டிக்கு ஏழரை சென்டிமீட்டர் அகல நாடா போதும். பெட்டியை இழுக்கும்போதெல்லாம் நாடா உரசித் தேயாமலிருக்க, தட்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து அதற்குள் பதியுங்கள். பலகைக் கடையில் ரூட்டர் இயந்திரம் இருக்கும், வெட்டும்போதே சொல்லிவிடலாம். நாடாவை மடிக்கக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று போடக் கூடாது.

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நாடாக்களில் பல, அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டில் 240. வோல்ட் இரண்டு மடங்கானால் வெப்பமும் இரண்டு மடங்கு என்று நினைப்போம். இல்லை, நான்கு மடங்கு. ஏனென்றால் வோல்ட் கூடும்போது ஓடும் மின்னோட்டமும் கூடுகிறது, இரண்டும் பெருக்கப்படுகின்றன. ஒரு தட்டுக்கு 13 வாட் என்று இருக்க வேண்டியது 52 வாட் ஆகும், அதுவும் மரத்தின்மேல். நாடாவில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். வயர் ஏற்கெனவே பொருத்தப்பட்ட, சிரிம் முத்திரை உள்ள பிளக்கோடு வரும் பொருளை வாங்குங்கள். வயரை நீங்களே இணைக்க வேண்டிய நிலை வந்தால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். நான்கு தட்டுக்குமாகச் செலவழியும் மொத்த வாட், தெர்மோஸ்டாட் தாங்கும் வாட்டைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பநாடாவே வேண்டாம். பாம்பு சுடும் தரையிலிருந்து விலகிவிடும் என்று நம்பாதீர்கள். தோல் வெந்து போகும்வரை அங்கேயே படுத்திருந்த பாம்புகளை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். பட்ஜெட்டில் எதையாவது குறைக்க வேண்டும் என்றால் பலகையில் குறையுங்கள், இதில் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பெட்டிக்கு உள்ளே போட்டால் பாம்பு அதை நகர்த்திவிடும், அல்லது நனைத்துவிடும். குளிர்ந்த மூலைக்கு நகர்ந்த உணரி 'இன்னும் சூடு போதவில்லை' என்று நினைத்து நாடாவை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அதை நாடாவின்மேல், பெட்டிக்கு அடியில் ஒட்டுங்கள். பெட்டியின் உள்தரை நாடாவைவிட ஓரிரு டிகிரி குறைவாக இருக்கும், அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் உள்ளே அளந்து, அதற்கேற்பத் தெர்மோஸ்டாட்டை வையுங்கள்.

நான்கு தட்டுக்கும் ஒரே உணரி என்றால் எந்தத் தட்டில் வைப்பது? சூடு மேலே ஏறும் என்பதால் மேல் அடுக்குகள் பொதுவாகக் கூடுதல் சூடு. அளந்து பார்த்து, அதிகச் சூடான அடுக்கில் வையுங்கள். பெட்டியைக் கழுவ எடுக்கும்போது அந்த இடத்தில் கூடுதலாக வாங்கிய வெறும் பெட்டியைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் உணரி உள்ள தட்டு ஆறும், தெர்மோஸ்டாட் சூட்டைக் கூட்டும், மற்ற மூன்று பெட்டிகளும் காயும்.

துளைகள், பூட்டு, எறும்பு

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெட்டியில் ஈரப்பதம் தங்க வேண்டும் என்பதற்காகத் துளைகளைக் குறைவாகப் போடச் சொல்லும். பால் பைத்தனுக்கு 60 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம் தேவை. நம் காற்றிலேயே அவ்வளவு இருக்கிறது! இங்கே பிரச்சினை தேங்கும் ஈரம்தான். பூஞ்சை பிடிக்கும், வயிற்றுச் செதில்கள் அழுகும், மூச்சுத் தொற்று வரும். பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கில் குமிழி, சீறல் போன்ற சத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் ஊர்வனவற்றைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் போங்கள்.

இடது, வலது சுவர்களில் இரண்டு வரிசையாக 5 மில்லிமீட்டர் துளைகள் போடுங்கள். குட்டிகளுக்கு இன்னும் சிறிதாக. டிரில்லோ சால்டரிங் அயனோ எதுவானாலும் உள்ளிருந்து வெளியே துளையிடுங்கள், கூரான பிசிறு வெளிப்பக்கம் போய்விடும். சால்டரிங் அயன் என்றால் வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள், உருகும் பிளாஸ்டிக் புகையைச் சுவாசிக்க வேண்டாம்.

பூட்டு அவசியம். பாம்புக்குக் கை இல்லை, ஆனால் மூக்கால் இரவெல்லாம் தள்ளிக்கொண்டிருக்கப் பொறுமை உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு திருகுகட்டை போடலாம், அல்லது எல்லாப் பெட்டிக்கும் முன்னால் செங்குத்தாக ஒரு கம்பி. ஃப்ளாட்டில் குடியிருந்தால் இதைக் கூடுதலாக எண்ணிப் பாருங்கள்: உங்கள் பாம்பு சாது, விஷமில்லாதது என்பது உங்களுக்குத் தெரியும். குளியலறையில் அதைப் பார்க்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குத் தெரியாது. அவர் 999ஐத்தான் அழைப்பார்.

எறும்பு வந்தால் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பல பூச்சிமருந்துகள் பாம்புக்கு நஞ்சு, துளைகள் வழியே உள்ளே போகும். ரேக்குக்கு நான்கு கால் வைத்து ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்தது இதுதான். கொசு வைக்காமலிருக்கத் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள், ஏடிஸ் சோதனைக்கு வருபவர்கள் பாம்பு அலமாரி என்று சலுகை தர மாட்டார்கள்.

உள்ளே என்ன வைப்பது? தனிமைப்படுத்தலுக்குக் கிச்சன் பேப்பர் போதும், எச்சம், ரத்தம், சிற்றுண்ணி எதுவானாலும் வெள்ளையில் உடனே தெரியும். தேவதாரு, பைன் மரத்தூளைத் தவிருங்கள். குளிர்ந்த பக்கம் கவிழாத தண்ணீர்க் கிண்ணம், இரு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வோர் இடம். ஒரு பெட்டிக்கு ஒரே பாம்பு. இரண்டு பாம்பு ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பது பாசத்தால் அல்ல, நல்ல இடத்துக்குப் போட்டி.

முதல் வாரம்

எல்லாம் பொருத்தியபின் ஒரு வாரம் பாம்பில்லாமல் ஓட்டுங்கள். எல்லாப் பெட்டியின் இரு மூலைகளையும் மதியமும் விடியற்காலையும் அளந்து எழுதுங்கள். எண்கள் நிலையாக இருந்தால் பாம்பை விடுங்கள். விட்டபின் ஐந்து முதல் ஏழு நாள் கையில் எடுக்க வேண்டாம், தீனியும் வேண்டாம்.

மழை இரவில் மின்சாரம் போனால் பதறாதீர்கள். நம் ஊரில் அறை 24 டிகிரிக்கு இறங்கினாலும் சில மணி நேரத்தைப் பாம்பு தாங்கும். அன்று மட்டும் தீனி போடாதீர்கள், சூடு இல்லாமல் அதற்குச் செரிக்காது. மின்சாரம் வந்ததும் தெர்மோஸ்டாட் பழைய அளவிலேயே இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். சில வகைகள் மின்சாரம் போய்வந்தால் பழைய அளவை மறந்துவிடும்.